நெல்லைச் சீமையில் தாய் சேய் நல ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

சமுதாய மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ்சி. நர்சிங், எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு), சமூகப்பணி என்று எதைப் படித்தாலும் ஒரு கட்டத்தில் ‘ஆய்வு ஒன்று செய்து வா’ என்பார்கள். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தை ஆகியோரை வைத்து திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முதல்முறை களத்தில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வுமுறைப் புத்தகங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும், எங்கே மாதக்கணக்கில் நிற்கும், களத்தில் எது கவிழும் என்பது மட்டும்தான் இங்கே.

பேச வசதியாக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: பீடி சுற்றும் கர்ப்பிணிகளில் இரத்தசோகை. மேலப்பாளையத்திலும் முக்கூடல் பக்கமும் செய்யலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. தலைப்புக்கு முன் தேதியைப் பாருங்கள்

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எழுதித் திருத்தி பைண்டிங் செய்ய இரண்டு மாதம். கணக்கீட்டுக்கு ஒரு மாதம். களத்துக்குக் குறைந்தது மூன்று மாதம். நெறிமுறைக் குழுவுக்கும் (பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து ஆய்வுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டி) அனுமதிக் கடிதங்களுக்கும் நான்கு மாதம். ஆக, இன்றைக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் பத்து மாதம் இல்லையென்றால் தலைப்பைச் சுருக்குங்கள். மூன்று வட்டாரம் என்பதை ஒன்றாக்குங்கள். பிரசவம் வரை பின்தொடர்வது என்பதை ஒரே தடவை பார்ப்பது என்று மாற்றுங்கள்.

பின்தொடரும் ஆய்வு எடுப்பவர்கள் நம் ஊர் வழக்கம் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். முக்கூடலில் பதிவான பெண்ணுக்குக் குழந்தை பிறப்பது நாங்குநேரியிலோ கோவில்பட்டியிலோ இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே இரண்டு முகவரி, மூன்று போன் எண் (அவளுடையது, கணவருடையது, அவளுடைய அம்மாவுடையது) வாங்காதவர்கள் குழந்தையின் பிறப்பு எடையைக் கடைசிவரை தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அம்மாவின் எண்தான் முக்கியம்.

2. எந்த இடம் யாருக்குக் கீழ்?

எல்லாம் அரசு மருத்துவமனைதானே, ஒரு கடிதம் போதும் என்று நினைத்தால் இரண்டு மாதம் போகும். நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் மாநகராட்சிக்குள் வருவது. அங்குள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார மாநகர் நல அலுவலரின் அனுமதி வேண்டும். முக்கூடல் பாப்பாக்குடி வட்டாரத்தைச் சேர்ந்தது. அதற்கு மாவட்ட சுகாதார அலுவலர். பழைய ஆட்கள் இன்னமும் ‘டி.டி. ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள், முன்பு அந்தப் பதவிக்குப் பெயர் துணை இயக்குநர் என்பதால். அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் கீழ். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் முதல்வர், அதாவது டீன். அங்கன்வாடிக் குழந்தைகள் என்றால் மாவட்டத் திட்ட அலுவலர், அவருக்குக் கீழே வட்டாரத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர்.

ஆலங்குளம், கடையம் பக்கமும் பீடி சுற்றுகிறார்களே, அதையும் சேர்ப்போம் என்று ஆசைப்படுவீர்கள். 2019 நவம்பருக்குப் பிறகு அவை தென்காசி மாவட்டம். கடிதம் எல்லாம் தனித்தனி. பழைய ஆய்வேடுகளில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருக்கும் எண்ணிக்கை இரண்டு மாவட்டமும் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பலர் இங்கே வழுக்குகிறார்கள்.

காரையாறு, சேர்வலாறு பக்கம் காணி மக்களிடம் செய்வதாக இருந்தால் இடம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வரும். சுகாதாரத் துறைக் கடிதம் வைத்திருந்தாலும் வனத்துறைச் சோதனைச் சாவடியில் அது செல்லாது. வனத்துறை அனுமதிக்குத் தனியாக எழுத வேண்டும். அங்கு நெறிமுறைக் குழுவும் கூடுதல் கேள்வி கேட்கும். முதல் ஆய்வுக்கு அந்த இடம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றை எடுக்கிற ஆய்வு என்றால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள பொது சுகாதார இயக்குநரகம் வரை தாள் போகக்கூடும். அந்த இயக்குநரகத்துக்கென்று தனி நெறிமுறைக் குழுவும் உண்டு. மாவட்ட அலுவலகத்தில் முதல் நாளே ‘இது உங்கள் அளவில் முடியுமா, சென்னைக்குப் போக வேண்டுமா’ என்று கேட்டுவிடுங்கள். சென்னை என்றால் உங்கள் பத்து மாதத்தைப் பன்னிரண்டாக்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆய்வின் தலைப்பு, எந்தெந்த நிலையம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர், ரத்தம் எடுப்பீர்களா, நிலைய ஊழியர்களிடம் எதிர்பார்ப்பது என்ன ஆகியவை இருந்தால் போதும். துறைத்தலைவர் வழியாக என்று போட்டு அவர் கையெழுத்தோடு கொடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதத்தை ‘வரவே இல்லை’ என்று சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

3. நெறிமுறைக் குழு

கோழி முதலா முட்டை முதலா என்கிற சிக்கல் இங்குதான். குழு ‘களத்து அனுமதி எங்கே’ என்று கேட்கும். சுகாதார அலுவலகம் ‘எத்திக்ஸ் கிடைத்த பிறகு வாங்க’ என்று சொல்லும். இதற்கு வழி, ‘நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்ற நிபந்தனைக் கடிதத்தை முதலில் வாங்குவது. அதைக் குழுவிடம் கொடுங்கள். ஒப்புதல் வந்ததும் அதன் நகலைச் சேர்த்து இறுதி அனுமதிக்கு மறுபடி எழுதுங்கள்.

குழு மாதாமாதம் கூடுகிறதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்பதை உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டத் தேதிக்கு எத்தனை நாள் முன்பு தாள் போக வேண்டும் என்பதையும் கேளுங்கள். ஒரு நாள் பிந்தினால் அடுத்த கூட்டம்தான்.

உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் குழுவிடம் எழுதிக் கேட்கலாம். ஆனால் அந்தக் குழு மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று பதிவு எண்ணைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு இது கட்டாயம். பதிவு காலாவதியான குழுவின் ஒப்புதலைப் பின்னாளில் ஆய்விதழ் ஏற்காது.

கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும், தகவல் தாள் இரண்டு மொழியிலும், சம்மதப் படிவம், வழிகாட்டி மற்றும் உங்கள் தன்விவரம், செலவுக் கணக்கு, நிபந்தனைக் கடிதம். தமிழ்ப் பிரதி ‘பிறகு தருகிறோம்’ என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழு என்ன பார்க்கும் என்று தெரிய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியில் சம்மதம், பெண்கள், குழந்தைகள் பற்றிய பகுதிகளை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

வெறும் கேள்வித்தாள்தானே, விலக்கு கிடைக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். விலக்கு உண்டா, விரைவுப் பரிசீலனையா, முழுக் கூட்டமா என்று சொல்வது குழு. ஒப்புதல் தேதிக்கு முன் எடுத்த ஒரே ஒரு பதிவுகூட ஆய்வில் சேரக் கூடாது. ‘பைலட்’ (முன்னோட்டம்) என்று பெயர் வைத்தாலும் அதே விதிதான்.

நர்சிங் மாணவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. ‘கற்பித்தல் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் அறிவு’ என்ற வகை ஆய்வுகள் எல்லாம் தலையீட்டு ஆய்வுகள், அதாவது பங்கேற்பவர்களுக்கு ஒன்றைச் செய்து விளைவைப் பார்ப்பவை. அவற்றை சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. 2018 ஏப்ரல் முதல் பின்தேதியில் பதிவு செய்ய முடியாது. அவர்கள் திருத்தம் கேட்டு எழுதுவார்கள், நீங்கள் பதில் போட வேண்டும், மறுபடி கேட்பார்கள். இதற்கும் சில வாரம் ஒதுக்குங்கள்.

4. எத்தனை பேர்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் சுமார் 48 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதை வைத்துக் கணக்குப் போடுவோம். 95 விழுக்காடு நம்பகத்துக்கான எண் 1.96; அதன் வர்க்கம் 3.84. அதை 48-ஆலும் நூறில் மீதியான 52-ஆலும் பெருக்கி, துல்லியமான ஐந்தின் (விடை ஐந்து விழுக்காடு மேலேயோ கீழேயோ போகலாம் என்பது) வர்க்கமான 25-ஆல் வகுத்தால் 383.4. ஆக 384 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார் அல்லது பாதியில் நிற்பார் என்று 0.9-ஆல் வகுத்தால் 427.

இப்போது தந்திரம் ஒன்றைச் சொல்லித் தருவார்கள். ‘ஐந்து விழுக்காடு முழுத் துல்லியம் வேண்டாம், இருபது விழுக்காடு ஒப்பீட்டுத் துல்லியம் எடு, 104 பேர் போதும்.’ கணக்கு சரிதான். 48-இல் இருபது விழுக்காடு 9.6. ஆனால் உங்கள் விடை ‘38-இலிருந்து 58-க்குள் எங்கோ’ என்று வரும். அந்த விடையைக் கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி இதுதான் வரும்.

அரிதான விஷயத்துக்கு இதன் மறுபக்கம். எட்டு விழுக்காட்டினரிடம் இருக்கும் ஒன்றுக்கு ஐந்து விழுக்காடு துல்லியம் வைத்தால் 114 பேர் போதும் என்று சூத்திரம் சொல்லும். அப்போது விடை மூன்றிலிருந்து பதின்மூன்று. பயனில்லை. துல்லியத்தைப் பாதிக்கு மேல் இறுக்கினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

‘பீடி சுற்றுபவர்களுக்கு அதிகமா’ என்று ஒப்பிடத்தான் விருப்பம் என்றால் சூத்திரமே வேறு. ஒரு பக்கம் 60, மறுபக்கம் 45 விழுக்காடு இருக்கும் என்று எதிர்பார்த்தால், 80 விழுக்காடு திறனுக்கு (உண்மையில் இருக்கும் வித்தியாசம் ஆய்வில் பிடிபடும் வாய்ப்பு) ஒரு பக்கத்துக்கு 170 பேர். விழுக்காடு கண்டறியும் சூத்திரத்தில் எண்ணை எடுத்துவிட்டு, ஆய்வேடு முழுக்க ஒப்பீடு எழுதுவது நம் பக்கம் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்தால் ஒரே தெருப் பெண்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். அதற்காக 384-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 576. தடுப்பூசி ஆய்வுகளில் பழக்கமான ‘முப்பது ஊர், ஊருக்கு ஏழு குழந்தை’ முறை அந்தக் கேள்விக்காகச் செய்த கணக்கு. அந்த 210-ஐ இரத்தசோகைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

5. கேள்வித்தாள்: ஏட்டுத் தமிழ் வீட்டில் புரியாது

ஆங்கிலத்திலிருந்து ஒருவர் தமிழாக்க வேண்டும். அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, பத்துப் பதினைந்து பெண்களிடம் வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். பலர் முதல் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் ‘தங்களுக்குப் பேறுகால முன்கவனிப்பு எத்தனை முறை கிட்டியது’ போன்ற வாக்கியங்கள் பீடித்தட்டின் முன் போய் நிற்கின்றன. ‘செக்கப்புக்கு எத்தன தடவ போனீங்க?’ என்பதுதான் கேள்வி.

சொல் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ‘பிறந்ததும் தாய்ப்பால் தவிர வேறு எதாவது கொடுத்தீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘சேனை (பிறந்த குழந்தையின் நாவில் தொட்டு வைக்கும் இனிப்பு) வச்சாங்களா, சர்க்கரைத் தண்ணி தொட்டு வச்சாங்களா, கழுதைப்பால் குடுத்தாங்களா?’ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால் வேறு பதில் வரும். அதையெல்லாம் ‘கொடுத்தது’ என்று அவர்கள் எண்ணுவதில்லை. சீம்பால், உரைமருந்து, வயித்தால போவது எல்லாமே இப்படித்தான்.

மாதக் கணக்கில் கவனம். ‘எனக்கு ஏழாம் மாசம்’ என்றால் ஏழு முடிந்தது என்று பொருள் அல்ல. ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. கடைசி மாதவிடாய்த் தேதியைத் தாய் சேய் நல அட்டையிலிருந்து எடுங்கள். அட்டை இல்லையென்றால் நாட்காட்டி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்: பொங்கல், ஊர்க்கொடை (ஊர்க் கோயில் திருவிழா), ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசை, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ். ‘ஆடி அமாவாசைக்கு முன்னயா பின்னயா?’ என்று கேட்டால் பத்து நாளுக்குள் பிடித்துவிடலாம். குழந்தை வயதுக்கும் இதே நாட்காட்டிதான்.

பேறுகால மனச்சோர்வைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எடின்பரோ அளவுகோலை எடுப்பார்கள். பத்துக் கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். சோதித்துச் சரிபார்த்த தமிழ் வடிவம் உண்டு, நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘இல்லவே இல்லை’ தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அன்றைக்கே என்ன செய்வீர்கள் என்பது திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்: யாரிடம் அனுப்புவீர்கள், யார் உடன் போவார், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாள் எங்கே இருப்பார். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணைத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வராதீர்கள்.

6. சம்மதம்

தகவல் தாளில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய வரி: ‘இதில் சேராவிட்டாலும் உங்கள் சிகிச்சையோ, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையோ நிற்காது.’ சிஸ்டர், அதாவது கிராம சுகாதார செவிலியர், கூட்டி வந்த ஆள், கையில் தாள், கையெழுத்து கேட்கிறார். மறுத்தால் பதினெட்டாயிரம் போய்விடுமோ என்றுதான் முதலில் தோன்றும். பயத்தில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால் ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சியாக உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி அவர்களுக்கு. மாமியாரோ கணவரோ ‘சரி, எடுத்துக்கோங்க’ என்று சொல்வது அந்தப் பெண்ணின் சம்மதம் அல்ல. ஆனால் ஆச்சியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகவும் முடியாது. அவர்களிடம் முதலில் பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு ‘கொஞ்ச நேரம் அக்காகிட்ட தனியா கேக்கணும்’ என்றால் விடுவார்கள்.

குழந்தைகளைச் சேர்த்தால் ஏழு வயது வரை பெற்றோர் சம்மதம் மட்டும். ஏழு முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் சம்மதத்தோடு குழந்தையின் வாய்மொழி இசைவு. அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில் இசைவு.

பதினெட்டு வயதுக்குக் கீழ் கர்ப்பிணியைச் சந்திக்க நேர்ந்தால்? போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் தெரிந்தவர் புகார் சொல்லியாக வேண்டும்; ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. ‘நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று தகவல் தாளில் எழுதிவிட்டுப் பிறகு புகார் செய்தால் அது ஏமாற்று. இரகசியத்துக்குச் சட்டம் போடும் வரம்பைத் தாளிலேயே எழுதி, நடைமுறையைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். குழு இதைக் கேட்காமல் விட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

7. களம்

கர்ப்பிணிப் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி (அரசின் கர்ப்பிணிகள் பதிவு இணையத் தளம்) பதிவாக இருக்கும். அனுமதிக் கடிதத்தைக் காட்டி, ஆர்.சி.எச். எண்ணுக்கு (அரசுப் பதிவில் கர்ப்பிணிக்குத் தரும் எண்) பதிலாக உங்கள் குறியீட்டு எண்ணைப் போட்டுக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். ஆதார் எண் உங்களுக்கு எதற்கும் தேவையில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். செவ்வாய் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு செவ்வாய்க்கு எட்டுப் பேர் என்றால் 427 பேருக்கு 54 செவ்வாய். ஒரு வருடம் தாண்டும். மேலும் செக்கப்புக்கு ஒழுங்காக வருபவர்களை மட்டுமே பார்ப்பீர்கள். இரத்தசோகை அதிகம் இருப்பது வராதவர்களிடம். வீட்டுக்குப் போனால் ஒருவர் ஒரு நாளில் ஆறேழு பேரை முடிக்கலாம். அப்படியானால் அறுபது, எழுபது வேலைநாள்.

வீட்டுக்குப் போகும் நேரத்தைச் சிஸ்டரிடம் கேட்டு ஊருக்கு ஊர் குறித்துக்கொள்ளுங்கள். பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து எண்ணி வாங்கும் நேரத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இருப்பார்கள், ஆனால் கணக்கை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். கார், பிசானம் ஆகிய நெல் பருவங்களின் நடவு, அறுப்பு நாட்களில் ஆற்றுப்பாசன ஊர்களில் பகலில் வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். கொடை நடக்கும் வாரத்தில் அந்த ஊரைத் தொடவே வேண்டாம். மேலப்பாளையத்தில் நோன்பு மாதத்தில் பிற்பகல் வீண். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையிடம் முதலில் சொல்லிவிட்டால் வாசல்கள் திறக்கும். ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கென்று இரண்டு வாரத்தைச் சும்மாவே எழுதி வையுங்கள்.

சிஸ்டர் வீட்டைக் காட்டட்டும், அறிமுகம் செய்யட்டும். ‘சிஸ்டர் வீட்டுக்கு வருவாங்களா, மாத்திரை குடுப்பாங்களா?’ என்ற கேள்வி உங்கள் தாளில் இருந்தால் அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவருக்கும் அதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

8. விரல் குத்தும் முன்

பீடி சுற்றும் கையில் ஆள்காட்டி விரலைக் குத்தினால் அன்றைய கூலி போச்சு. இடது கை மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். எந்த விரல் வேலைக்கு வேண்டாம் என்று அவர்களிடமே கேட்பது இன்னும் நல்லது. இலைத்தூளும் புகையிலையும் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு ஸ்பிரிட். ஸ்பிரிட் காயாமல் குத்தினால் ரத்தத்தில் கலந்து அளவு குறைந்து காட்டும். முதல் இரண்டு துளியைத் துடைத்துவிடுங்கள். துளி வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறையும். ஹீமோகுளோபின் கருவிக்குள் ரத்தத்தோடு வைக்கும் க்யூவெட்டை ஒரே தடவையில் நிரப்புங்கள். காற்றுக்குமிழி இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். டப்பா திறந்த தேதியை மூடியின் மேல் எழுதுங்கள், வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த அட்டையில் எழுதியிருக்கும் ஹீமோகுளோபினையே எடுப்பவர்கள் உண்டு. ஒன்று சாலி முறையில் கண்ணால் பார்த்தது, இன்னொன்று இயந்திரத்தில் எடுத்தது, மூன்றாவது தனியார் லேபில் எடுத்தது. மூன்றையும் ஒரே பத்தியில் சேர்க்க முடியாது.

இரத்தசோகைக்கான வரம்பு 11 கிராம் என்று எல்லாருக்கும் தெரியும். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டாம் மும்மாதத்துக்கு அதை 10.5 ஆக்கியது. எந்த வரம்பை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பழைய ஆய்வோடு ஒப்பிடும்போது இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். ஏழுக்குக் கீழே வந்தால் அன்றைக்கே மருத்துவ அலுவலருக்குப் போன், கையில் பரிந்துரைச் சீட்டு. ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குழந்தைகளை அளப்பவர்களுக்குச் சில வார்த்தை. இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்து, மேலே நிற்க வைத்து. மாற்றி அளந்தால் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். எடைக் கருவியைத் தினமும் காலையில் தெரிந்த எடையொன்றை வைத்துச் சரிபாருங்கள். உங்கள் பதிவில் பாதி எண்கள் .0 என்றும் .5 என்றும் முடிந்தால் யாரோ உத்தேசமாக எழுதுகிறார் என்று பொருள்.

9. பணம்

கேள்வித்தாள் ஆறு பக்கம், தகவல் தாளும் சம்மதமும் மூன்று பக்கம் இரண்டு பிரதி: ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம். 427 பேருக்கு 5,124 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் வைத்தாலும் ஐயாயிரத்துக்கு மேல். க்யூவெட்டும் லேன்செட்டும் (விரல் குத்தும் ஊசி) வீணாவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்து 470 வாங்குங்கள். இந்த ஆய்வில் பெரிய செலவு இதுதான், மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கருவியை வாங்காதீர்கள், துறையில் இரவல் கேளுங்கள். எழுபது நாள் பெட்ரோல் அல்லது பஸ். பங்கேற்பவர்களுக்கு ஏதாவது கொடுப்பதானால் குழுவின் ஒப்புதலோடு, பயணச் செலவு அளவில் மட்டும்.

போனிலேயே பதில்களைப் பதிய உதவும் கோபோ செயலியில் கேள்வித்தாளை ஏற்றினால் அச்சுச் செலவில் பாதி போகும். சம்மதப் படிவம் மட்டும் தாளிலேயே இருக்கட்டும். மென்பொருளுக்குப் பணம் தர வேண்டாம்: ஓபன்எபி, ஜமோவி, குழந்தை வளர்ச்சிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ எல்லாம் இலவசம். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் அடிப்படை ஆய்வுமுறை இணையப் பாடமும் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம்.

10. கணக்கு

களத்துக்குப் போகும் முன்பே வெற்று அட்டவணைகளை வரைந்து வையுங்கள். எந்த அட்டவணையிலும் இடம் பெறாத கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடலாம். நாற்பது கேள்வி இருபத்தைந்தாகும். பதில் இல்லாததற்கு ஓர் எண், பொருந்தாததற்கு வேறோர் எண். வெற்றிடமாக விட்டால் ஆறு மாதம் கழித்து எது எதுவென்று தெரியாது.

நம் உதாரணத்தில் பீடி சுற்றுபவர்களில் 60, மற்றவர்களில் 45 விழுக்காடு என்று வந்தால் விகிதம் 1.33. அதையே ஆட்ஸ் ரேஷியோவாக (ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பவர்களை இல்லாதவர்களால் வகுத்து, இரண்டையும் ஒப்பிடுவது) போட்டால் 1.83 வரும். இதை வைத்து ‘83 விழுக்காடு அதிகம்’ என்று எழுதினால் தவறு. இரத்தசோகை போல ஊர் முழுக்க இருக்கும் ஒன்றுக்கு முதல் விகிதத்தையே எழுதுங்கள்.

11. கடைசித் தாள்கள்

பெரும்பாலான ஒப்புதல்கள் ஓராண்டுக்குத்தான். களம் இழுத்தால் காலாவதிக்கு முன் நீட்டிப்புக் கேளுங்கள். கேள்வியோ ஊரோ மாறினால் திருத்த ஒப்புதல் வேண்டும். முடிந்ததும் குழுவுக்கு இறுதி அறிக்கை கொடுத்தால்தான் அவர்கள் கோப்பை மூடுவார்கள். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தனி உறையில், சம்மதப் படிவங்களை வேறு கட்டில், துறையின் பூட்டிய அலமாரியில் குறைந்தது மூன்று ஆண்டு வையுங்கள். உங்கள் குழு ஐந்து என்று சொல்லியிருந்தால் ஐந்து. விடுதி அறைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது.

அனுமதி தந்த ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இரண்டு பக்கச் சுருக்கம் தமிழில் கொடுங்கள். சிஸ்டருக்கு ஒரு பிரதி தனியாக, அவருடைய துணை சுகாதார நிலையத்தின் எண்களோடு. ஆனால் மூன்று நான்கு பேர் மட்டுமே இருக்கும் கட்டங்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். சின்ன ஊரில் ‘ஒருவர்’ என்றால் யாரென்று தெரிந்துவிடும்.